ஜாப் எந்தப் பக்கம் வழுக்குது?

மேனுஃபேக்சரிங் டெக்னாலஜி பேப்பர்ல சென்டர்லெஸ் கிரைண்டிங் வந்தா நாம எல்லாரும் ஒரே படத்தைத்தான் போடுவோம். இடது பக்கம் ஒரு பெரிய வட்டம், வலது பக்கம் அதைவிடச் சின்ன வட்டம், நடுவுல ஒரு குட்டி வட்டம், அதுக்கு அடியில சாய்வா வெட்டின ஒரு பிளேடு. மூணு அம்புக்குறி, நாலு லேபிள் போட்டா மார்க் வந்துடும். ஆனா அந்தப் படத்தை ஒரு தடவை நிதானமா பாருங்க. நடுவுல இருக்கிற குட்டி வட்டத்தை யாருமே பிடிச்சிருக்கல. லேத்துல சக் இருக்கு. சாதாரண சிலிண்ட்ரிகல் கிரைண்டிங்ல ரெண்டு சென்டர் இருக்கு. இங்கே ஜாப் சும்மா உட்கார்ந்திருக்கு. அது எந்த வேகத்துல சுத்தணும், எந்த வேகத்துல முன்னாடி நகரணும் எல்லாமே உராய்வோட தயவு. அந்தத் தயவு தீர்ந்துபோற நிமிஷத்துலதான் ஆபரேட்டர் "ஸ்லிப் ஆகுதுங்க" என்கிறார்.

இந்த ஒரு வார்த்தையை நம்பி ஸ்பேனரை எடுக்காதீங்க. ஸ்லிப் என்ற பேர்ல மூணு வேற வேற கோளாறு ஒளிஞ்சிருக்கு. ஒண்ணுக்குச் செய்ற வைத்தியம் இன்னொண்ணை மோசமாக்கும். அதனால முதல் கேள்வி "எப்படிச் சரி பண்றது" இல்லை, "எந்தப் பக்கம் வழுக்குது" என்பதுதான்.

(வொர்க்பீஸுக்கு 'பணிப்பொருள்'னு எழுதலாம்னு எடிட்டர் சொன்னாங்க. கோயம்புத்தூர்ல எந்த ஷாப்புக்குப் போனாலும் அது ஜாப்தான். அப்படியே விட்டுட்டேன்.)

யார் சுத்த வைக்கிறது?

பெரும்பாலானவங்க சொல்ற பதில்: ரெகுலேட்டிங் வீல்தான் ஜாப்பைச் சுத்த வைக்குது, கிரைண்டிங் வீல் வெட்டுது. பாதிதான் சரி. ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். கோயம்புத்தூர்னா பம்ப். சப்மெர்சிபிள் பம்ப் ஷாஃப்டுக்கு எஸ்எஸ் 410 பார் போடுவாங்க. 20 மி.மீ. விட்டம், 3 மீட்டர் நீளம்னு வச்சுக்கோங்க, எடை 7 கிலோவுக்குக் கொஞ்சம் மேல வரும். ரெகுலேட்டிங் வீல் 300 மி.மீ., 30 ஆர்பிஎம். அப்போ அந்த வீலோட மேற்பரப்பு நிமிஷத்துக்கு 28 மீட்டர் ஓடுது, அதாவது செகண்டுக்கு அரை மீட்டர்கூட இல்லை. கிரைண்டிங் வீல் மேற்பரப்போ செகண்டுக்கு 33 மீட்டர். கிட்டத்தட்ட 70 மடங்கு.

இப்போ அம்புக்குறிகளைப் பாருங்க. ரெண்டு வீலும் ஒரே திசையில சுத்துது, ஜாப் எதிர்த்திசையில. அப்படின்னா கிரைண்டிங் வீல் ஜாப்பைத் தொடுற இடத்துல ரெண்டு பரப்பும் கீழ்நோக்கித்தான் போகுது. கிரைண்டிங் வீல் 70 மடங்கு வேகத்துல "வா, வா, என்கூட வா"ன்னு ஜாப்பை இழுக்குது. அதை விடாம பிடிச்சு வச்சிருக்கிறதுதான் ரெகுலேட்டிங் வீலோட முக்கியமான வேலை. வெட்டு நடக்கும்போது அது பிரேக்.

ஊட்டி மலையில இருந்து இறங்குற பஸ்ஸை நினைச்சுக்கோங்க. ஏறும்போது செகண்ட் கியர் வண்டியை இழுக்கும். இறங்கும்போது அதே செகண்ட் கியர் வண்டியைப் பிடிச்சு நிறுத்தும். கியர் ஒண்ணுதான், வேலை மட்டும் மாறுது. ரெகுலேட்டிங் வீலும் அப்படித்தான். வெட்டு ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ஜாப்பை உருட்டும். வெட்டு ஆரம்பிச்ச உடனே அதே ஜாப்பைத் தடுத்துப் பிடிக்கும்.

சமன்பாடா எழுதினா ரொம்ப எளிமை. விசைகள் எல்லாம் ஜாப்போட ஒரே ஆரத்துல செயல்படுறதால டார்க்கை மறந்துட்டு விசையை மட்டும் எழுதலாம்:

கிரைண்டிங் வீல் சுத்தத் தள்ளுற விசை = ரெகுலேட்டிங் வீல் பிடிக்கிற விசை + பிளேடு உராயுற விசை

ரெகுலேட்டிங் வீலால பிடிக்க முடியுறதுக்கு ஒரு உச்ச வரம்பு உண்டு. உராய்வுக் குணகம் பெருக்கல் அழுத்தம், அவ்வளவுதான். இடது பக்கம் அந்த வரம்பைத் தாண்டினா ஜாப் கிரைண்டிங் வீலோட ஓடிடும். இதை ஓவர்ஸ்பின்னு வச்சுக்குவோம். மாறா, இடது பக்கம் ரொம்பக் குறைவா இருந்து பிளேடு உராய்வு மட்டும் பெருசா இருந்தா, ரெகுலேட்டிங் வீல்தான் ஜாப்பை இழுத்துச் சுத்தணும். அதுக்கும் பிடி பத்தலைன்னா ஜாப் அப்படியே நின்னுடும். இது ஸ்டால். மூணாவது, ஜாப் ஒழுங்காச் சுத்தும், ஆனா நீளவாக்குல முன்னாடி நகர்றது மட்டும் தடுமாறும்.

ஓவர்ஸ்பின்னை லேசா நினைக்காதீங்க. 20 மி.மீ. ஜாப் நம்ம கணக்குல 450 ஆர்பிஎம்ல சுத்தணும். பிடி முழுசா விட்டு கிரைண்டிங் வீல் வேகத்தை எட்டினா 31,000 ஆர்பிஎம்முக்கு மேல போகும். 3 மீட்டர் பார் அந்த வேகத்தை எட்டுறதுக்கு ரொம்ப முன்னாடியே வளைஞ்சு சாட்டை மாதிரி வீச ஆரம்பிச்சிடும். சின்ன ஜாப்னா இடைவெளியில இருந்து மேல தெறிச்சு வரலாம், வீலை உடைக்கலாம். அதனால கார்டு மூடாம ஓட்டக் கூடாது. பார் வெளிய வர்ற நேர்கோட்டுல நிக்கக் கூடாது. சுத்துற ஜாப்பைக் கையாலயோ குச்சியாலயோ தொட்டு நிறுத்தப் பார்க்கவே கூடாது. மோட்டார் ஆஃப் ஆனாலும் அவ்வளவு எடையுள்ள வீல் உடனே நிக்காது. ஷாப்ல முதல் நாளே இதைத்தான் சொல்லிக் கொடுப்பாங்க. நம்ம லேப் மேனுவல்லயும் இது ஒரு வரி இருந்திருக்கலாம்.

அடையாளம் எப்படித் தெரியும்?

ஸ்டால் ஆன ஜாப்பை எளிதா கண்டுபிடிக்கலாம். நீளவாக்குல ஒரு தட்டையான பட்டை, அதுமேல பழுப்பா எரிஞ்ச நிறம். மைக்ரோமீட்டர்ல வச்சுச் சுத்தினா ஒரு இடத்துல மட்டும் அளவு விழும்.

ஓவர்ஸ்பின் வேற மாதிரி. சத்தம் திடீர்னு கீச்சுன்னு ஏறும். ஜாப்பும் வீலும் ஒரே வேகத்துக்கு நெருங்குறதால வெட்டுறது குறைஞ்சு, எடுக்க வேண்டிய மெட்டீரியல் எடுக்காம ஜாப் பெரிய அளவுல வெளிய வரும். ரெகுலேட்டிங் வீல்ல பளபளன்னு ஒரு பட்டை தெரியும், சில சமயம் ஜாப் மேல கறுப்பா ரப்பர் தடம் ஒட்டியிருக்கும்.

ரெண்டுக்கும் நடுவுல ஒரு திருட்டு ஸ்லிப் உண்டு. முழுசா நிக்காது, முழுசா ஓடவும் செய்யாது, விட்டு விட்டு வழுக்கும். ஃபினிஷ் ஒரு ஜாப்புக்கு ஒரு மாதிரி, சைஸ் அஞ்சாறு மைக்ரான் அங்கேயும் இங்கேயும் ஆடும். கண்ணுக்கு ஒண்ணும் தெரியாது. இதுக்குத்தான் அளந்து பார்க்கணும்.

சாக்பீஸும் ஸ்டாப் வாட்சும்

த்ரூ ஃபீட்ல ஜாப் முன்னாடி நகர்றதுக்குக் காரணம் ரெகுலேட்டிங் வீலோட சாய்வு. வேகம் கண்டுபிடிக்கிற ஃபார்முலா உங்களுக்குத் தெரிஞ்சதுதான்: பை, வீல் விட்டம், ஆர்பிஎம், சாய்வுக் கோணத்தோட சைன், நாலையும் பெருக்கணும். 300 மி.மீ., 30 ஆர்பிஎம், 3 டிகிரின்னா நிமிஷத்துக்கு சுமார் 1480 மி.மீ. வருது. பார் மேல 1 மீட்டர் இடைவெளியில ரெண்டு கோடு சாக்பீஸால போடுங்க. மெஷினுக்குப் பின்னாடி, கையெட்டாத தூரத்துல ஒரு குறியை வச்சு, முதல் கோடு அதைக் கடக்கும்போது ஸ்டாப் வாட்சைத் தட்டுங்க. ரெண்டாவது கோடு 40.5 செகண்டுல வரணும். 41, 42னா கவலை வேண்டாம், நடைமுறையில கொஞ்சம் இழப்பு இருக்கும். 48 செகண்ட் ஆனா வழுக்குது.

சின்ன ஜாப்னா இன்னும் சுலபம். 60 மி.மீ. நீளமுள்ள பின் ஒண்ணோட ஒண்ணு முட்டி வரிசையாப் போகுதுன்னா நிமிஷத்துக்கு 24 அல்லது 25 வெளிய விழணும். எண்ணிப் பாருங்க. 20தான் விழுதுன்னா மீதி அஞ்சு எங்கேயோ தடுமாறுது.

சுத்து வேகத்துக்கு, பாரோட வால் முனையில மெஷினை நிறுத்தி வச்சிருக்கும்போதே ஒரு துண்டு ரிஃப்ளெக்டிவ் ஸ்டிக்கர் ஒட்டிட்டு, நான்-கான்டாக்ட் டேக்கோமீட்டரைத் தள்ளி நின்னு காட்டுங்க. 450க்குப் பக்கத்துல நிலையா நின்னா நல்லது. நம்பர் மேல குதிச்சா ஓவர்ஸ்பின் பக்கம், கீழ விழுந்தா ஸ்டால் பக்கம். இந்த ஒரு ரீடிங் பாதி வாக்குவாதத்தை முடிச்சு வைக்கும்.

இங்கே ஒரு பொறி இருக்கு. ரெகுலேட்டிங் வீலை டிரெஸ் பண்ணப் பண்ண அது சின்னதாகும். 300 மி.மீ. வீல் தேய்ஞ்சு 270 ஆனா, அதே 30 ஆர்பிஎம், அதே 3 டிகிரியில ஃபீட் 1332க்கு இறங்கிடும். 1 மீட்டர் கடக்க 45 செகண்ட் ஆகும். பழைய கணக்கை வச்சுக்கிட்டு "ஸ்லிப்"னு சொன்னா, இல்லாத நோய்க்கு மருந்து தேடுற கதைதான். முதல்ல வீல் விட்டத்தை அளங்க.

எண்ணெய்தான் முதல் சந்தேகம்

இன்-பிளான்ட் டிரெய்னிங்ல கோயம்புத்தூர் பக்கம் ஒரு சின்ன யூனிட்ல ரெண்டு வாரம் இருந்தேன். அங்கே ஒரு மெஷின்ல திங்கட்கிழமை காலையில மட்டும் ஸ்லிப் வரும். பத்து, பதினொரு மணிக்குத் தானா சரியாயிடும். சூப்பர்வைசர் சாய்வுக் கோணம் தளர்ந்திருக்கும்னு சொன்னார். அங்கே இருந்த மூத்த ஆபரேட்டர் ஒத்துக்கல. "கோணம் தளர்ந்தா செவ்வாய்க்கிழமையும் தளர்ந்துதானே தம்பி இருக்கணும்? டேங்க்ல எட்டிப் பாருங்க"ன்னார்.

டேங்க் மேல ரெண்டு மூணு மி.மீ. கனத்துக்கு எண்ணெய் மிதந்துச்சு. ஸ்லைடுக்குப் போற லூப்ரிகேஷன் ஆயில் சொட்டுச் சொட்டா கூலன்ட்ல கலக்குது. வாரம் முழுக்க பம்ப் ஓடும்போது அது கலங்கியே இருக்கும். ஞாயிறு முழுக்க மெஷின் நிக்கும்போது எல்லாம் பிரிஞ்சு மேல வந்து படியும். கூலன்ட் அளவும் குறைஞ்சிருந்ததால திங்கள் காலையில பம்ப் அந்த எண்ணெயையும் சேர்த்து இழுத்து நேரா வீல் மேல ஊத்துது. எண்ணெய் பூசின ரப்பர் எதைப் பிடிக்கும்? மலை இறக்கத்துல ரோட்டுல டீசல் கொட்டிக் கிடக்கிற மாதிரிதான். எண்ணெயை வழிச்சு எடுத்து, கூலன்ட் அளவை ஏத்தி, வீலை ஒரு தடவை டிரெஸ் பண்ணினாங்க. அதுக்கு அடுத்த திங்கட்கிழமை காலையிலேயே 1 மீட்டர் 41 செகண்டுல போச்சு.

இதுக்கு மெட்டீரியல் பக்கத்துக் காரணமும் தெரிஞ்சுக்கோங்க. ரெகுலேட்டிங் வீல் பெரும்பாலும் ரப்பர் பாண்ட் போட்ட அலுமினியம் ஆக்சைடு வீல். வெட்டுறதுக்காக இல்லை, பிடிக்கிறதுக்காகத்தான் ரப்பர். அந்தப் பரப்புல எண்ணெயும் நுண்ணிய சில்லும் சேர்ந்து அடைச்சா அது கண்ணாடி மாதிரி மினுங்கும். இதுதான் கிளேஸ். மெஷினை நிறுத்தி, வீல் நின்ன பிறகு நகத்தால கீறிப் பாருங்க. நல்ல பரப்பு சொரசொரன்னு இருக்கும், கிளேஸ் ஆனது வழுக்கும்.

கூலன்ட் செறிவும் இதே கணக்குல வரும். கிரைண்டிங்குக்கு வாட்டர் சாலுபிள் ஆயில் 3ல இருந்து 5 சதவீதம் போதும். வெயில் காலத்துல தண்ணி மட்டும் ஆவியாகும், எண்ணெய் அங்கேயே இருக்கும். அளவு குறைஞ்சதுன்னு மறுபடி அதே செறிவுல கலந்து ஊத்தினா மாசக் கடைசியில 8, 9ல நிக்கும். ரிஃப்ராக்டோமீட்டர்ல ஒரு சொட்டு விட்டுப் பாருங்க. ரீடிங்கை அந்த கூலன்டுக்கான ஃபேக்டரால பெருக்கணும், இதை நிறைய பேர் மறந்துடுறாங்க. கோடு தெளிவா இல்லாம மங்கலா தெரிஞ்சா வேற எண்ணெய் கலந்திருக்குன்னு அர்த்தம். முந்தின ஆபரேஷன்ல துரு பிடிக்காம இருக்க ஆயில் தடவி அனுப்புற ஜாப்பைக் கழுவாம உள்ள விட்டாலும் இதே விளைவுதான்.

டிரெஸ் பண்ணினா மட்டும் போதுமா?

கிளேஸ் ஆன வீலை டைமண்ட் டூலால சீவி எடுத்துடலாம். பாஸுக்கு 0.02 மி.மீ. போல லேசா எடுத்தா போதும். டைமண்ட் மழுங்கியிருந்தா சீவுறதுக்குப் பதிலா ரப்பரைத் தேய்ச்சு மெருகேத்தும், அப்போ டிரெஸ் பண்ணின பிறகு ஸ்லிப் கூடும். டைமண்டைத் திருப்பி வைங்க இல்லை மாத்துங்க.

இதைவிட நுட்பமான விஷயம் வடிவம். வீல் 3 டிகிரி சாய்ஞ்சிருக்கு, ஜாப் சாயலை. சாய்ஞ்ச வீல் வெறும் சிலிண்டரா இருந்தா நேரான ஜாப்பை நீளம் முழுக்கத் தொடாது, நடுவுல மட்டும்தான் தொடும். அதனால வீலை நடுவுல லேசா இடுப்பு ஒடுங்கின ஹைப்பர்போலாய்டா டிரெஸ் பண்ணணும். உடுக்கை தெரியும்ல, அந்த வடிவத்தை ரொம்ப ரொம்பக் குறைச்சு நினைச்சுக்கோங்க. டிரெஸ்ஸரோட கோணத்தையும் டைமண்டோட உயரத்தையும் சரியா வச்சா அந்த வடிவம் தானா வரும். ஜாப் சென்டர் வீல் சென்டரைவிட 10 மி.மீ. மேல இருந்தா டைமண்டும் 10 வைக்கக் கூடாது. ஜாப்பை வீல் தொடுற புள்ளி அதைவிடக் கீழ இருக்கு: 10 பெருக்கல் 300, வகுத்தல் 320. கிட்டத்தட்ட 9.4 மி.மீ. 20 மி.மீ. ஜாப்புக்கு வச்ச செட்டிங்கை 60 மி.மீ. ஜாப்புக்கு அப்படியே விட்டா தொடுகோடு சுருங்கிடும். தொடுற நீளம் குறைஞ்சா பிடி நிலையா இருக்காது. வீல் புதுசு, கூலன்ட் சுத்தம், ஆனாலும் வழுக்குதுன்னா நான் இங்கேதான் முதல்ல பார்ப்பேன். ஜாப் மேல மார்க்கிங் ப்ளூ தடவி, மெஷின் நிக்கும்போது வீலோட ஒட்டி உருட்டினா எங்கே தொடுதுன்னு நீலமே காட்டிக் கொடுக்கும்.

பிளேடு என்ற மறந்துபோன மூணாவது ஆள்

பிளேடோட மேல்முகம் சாதாரணமா 30 டிகிரி, ரெகுலேட்டிங் வீல் பக்கமா சரிஞ்சிருக்கும். ஜாப் அந்தப் பக்கம் சாயணும்னுதான் இந்தச் சரிவு. நாளாக நாளாக ஜாப் உராய்ஞ்ச இடத்துல ஒரு பள்ளம் விழும். எஸ்எஸ் மாதிரி ஒட்டுற மெட்டீரியல்னா துணுக்கு பிளேடுல ஒட்டிக்கும். ரெண்டுலயும் உராய்வு ஏறும், ஜாப் ஸ்டால் பக்கம் போகும், ஃபீடும் தடுமாறும். நகத்துக்குப் பள்ளம் தட்டுப்பட்டாலே பிளேடை கிரைண்ட் பண்ணக் கழட்டிடலாம்.

இங்கேதான் அந்தச் சமன்பாடு வேலை செய்யுது. ஓவர்ஸ்பின்ல பிளேடு உராய்வு நமக்கு நண்பன், ஸ்டால்ல எதிரி. ஸ்டால் ஆகுற ஜாப்புக்கு வெட்டு ஆழத்தைக் கொஞ்சம் கூட்டினா கிரைண்டிங் வீலே அதைச் சுத்த வச்சிடும், சில ஆபரேட்டர்கள் அப்படித்தான் சமாளிக்கிறாங்க. அதே கைப்பழக்கத்துல ஓவர்ஸ்பின் ஆகுற ஜாப்புக்கும் ஆழத்தைக் கூட்டினா என்ன ஆகும்னு உங்களுக்கே இப்போ தெரியும். அழுத்தம் கூடினா பிடியும் கூடுமேன்னு கேட்கலாம். கூடும், ஆனா தள்ளுற விசையும் கூடவே ஏறும். ரெண்டுக்கும் உள்ள விகிதம்தான் தீர்மானிக்குது. புதுசா டிரெஸ் பண்ணின கூரான கிரைண்டிங் வீல்ல தள்ளுற விசையோட பங்கு அதிகம். அதனால கிரைண்டிங் வீலை டிரெஸ் பண்ணின உடனே வர்ற முதல் சில ஜாப்புகளை இன்னும் கவனமா பார்க்கணும்.

நீளமான பாருக்கு மட்டும் ஒரு தனிக் காரணம் இருக்கு. நம்ம 3 மீட்டர், 20 மி.மீ. பாரை ரெண்டு முனையில மட்டும் தாங்கினா அதோட முதல் கிரிட்டிகல் ஸ்பீடு 270 ஆர்பிஎம்முக்குக் கிட்டத்தான் வரும். டைனமிக்ஸ் பேப்பர்ல படிச்ச பீம் ஃபார்முலாவைப் போட்டுப் பாருங்க. நாம ஓட்டுறதோ 450ல. அதனால வெளிய நீட்டிட்டு இருக்கிற பாகத்தை இடையிடையே தாங்கலைன்னா பார் ஆடும், ஆடுற ஒவ்வொரு தடவையும் ரெகுலேட்டிங் வீலை விட்டு ஒரு நொடி எழும்பும். ஏற்கெனவே வளைஞ்ச பார்னா கேட்கவே வேண்டாம். சப்போர்ட் ரோலர் உயரத்தை ஒரு நூல் கட்டிப் பார்த்தாலே பாதி பிரச்சனை தெரியும். வாய்ப்பக்கத்து கைடு பிளேட் வீல் முகத்தோட நேரா இல்லைன்னாலும் பார் அங்கேயே சிக்கும்.

இன்ஃபீட்ல, அதாவது தலை பெருத்த வால்வு மாதிரி ஜாப்பை உள்ள வச்சு அமுக்கி எடுக்கிற வேலையில, சாய்வு அரை டிகிரி போலத்தான் வைப்பாங்க. ஜாப் எண்ட் ஸ்டாப்பை ஒட்டி நிக்கிறதுக்கு அது போதும். அங்கே சாக்பீஸ் கணக்கு செல்லாது. ஜாப்போட முகத்துல ஒரு பெயிண்ட் புள்ளி வச்சு, கார்டு மூடினபடியே ஸ்ட்ரோப் லைட்டை 450ல ஓட்டுங்க. புள்ளி அசையாம நின்னா பிடி சரியா இருக்கு. ஜாப் சுத்துற திசையிலயே புள்ளி மெதுவா நகர்ந்தா ஓடப் பார்க்குது, எதிர்த்திசையில நகர்ந்தா நிக்கப் பார்க்குது.